கொக்கைன் கொடுத்த சுண்டெலியில் டெல்டா-ஃபாஸ்பி பேண்ட் பிரிந்து வரவில்லை: எங்கே தவறு?

கேள்வி: அரைவேக்காடு_ஜெல்

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்கான வேலை: போதைப்பொருளால் மூளையில் சேரும் டெல்டா-ஃபாஸ்பி என்ற புரதத்தை (ஃபாஸ்பி-யின் குட்டை வடிவம்) வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்பது. சுண்டெலிகள் இரண்டு குழு, குழுவுக்கு 6. ஒன்றுக்கு சலைன், இன்னொன்றுக்குக் கொக்கைன், கிலோவுக்கு 20 மில்லிகிராம். வயிற்றறைக்குள் ஊசி, நாளுக்கு ஒன்று, 7 நாள். கடைசி ஊசி போட்டு 2 மணி நேரத்தில் மூளையை எடுத்து, அக்கம்பென்ஸை (மூளையின் வெகுமதிப் பகுதி) மட்டும் பஞ்ச் செய்து மைனஸ் 80-ல் வைத்தாயிற்று. ட்ரைட்டான் பஃபரில் அரைத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே தெளிந்ததை 12% ஜெல்லில் ஓட்டினேன். முதலில் எல்லா லேனிலும் புரத அளவு சமமா என்று ஒப்பிட ஜிஏபிடிஎச் புரதத்தைப் பார்த்து, கழுவி, அதே மெம்பிரேனில் ஃபாஸ்பி ஆன்டிபாடி போட்டேன். இரண்டுமே சுண்டெலியில் தயாரித்த ஆன்டிபாடிகள்.

வந்தது இதுதான்: 50 கிலோடால்டன் பக்கம் எல்லா லேனிலும் தடித்த பேண்ட். 33 முதல் 40 வரை ஒரே மங்கல். 37-ல் மட்டும் கத்தி போல ஒரு பேண்ட், ஆனால் சலைன், கொக்கைன் இரண்டிலும் ஒரே அளவு. அப்படியானால் டெல்டா-ஃபாஸ்பி கூடவே இல்லை என்று எழுதலாமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. இந்தப் புரதம்தான் அடிமைத்தனத்தின் 'மூலக்கூறு சுவிட்ச்' என்று எல்லா ரிவ்யூவிலும் போட்டிருக்கிறது. ஆனால் மூளையில் அதன் அரை ஆயுள் 8 நாள் என்கிறார்கள். போதையை விட்டு ஒரு வருடம் ஆனவருக்கும் ஏக்கம் வருகிறதே, அது எப்படி?

பதில்: பிப்பெட்பித்தன்

அப்படி எழுதிவிடாதீர்கள். அந்த 37 உங்கள் ஜிஏபிடிஎச். அதன் எடை 36-37 கிலோடால்டன். நீங்கள் தேடும் டெல்டா-ஃபாஸ்பி 35-37. இரண்டும் ஒரே இடத்தில் உட்காரும். முதல் ஆன்டிபாடியை முழுக்க உரிக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டால், அதுவும் அதே விலங்கினத்தது என்றால், இரண்டாம் ஆன்டிபாடிக்கு வித்தியாசம் தெரியாது. பழையதையே மறுபடி காட்டும். இரண்டு குழுவிலும் ஒரே அளவு வந்ததில் ஆச்சரியமே இல்லை, ஜிஏபிடிஎச்-ஐ எதற்காகப் பார்க்கிறோமோ அந்த வேலையை அது சரியாகச் செய்திருக்கிறது.

50-ல் தெரிவது பெரும்பாலும் இம்யூனோகுளோபுலினின் கனச் சங்கிலி. சுண்டெலி மூளையில், ரத்தத்தை வெளியேற்றாமல் எடுத்த திசுவில், சுண்டெலி ஆன்டிபாடியைப் போட்டால் இது வரத்தான் செய்யும். முழுநீள ஃபாஸ்பி-யும் 46-50-ல்தான் வரும் என்பதால் எது எது என்று சொல்லவே முடியாது. முயலில் தயாரித்த ஆன்டிபாடிக்கு மாறுங்கள். அது ஃபாஸ்பி-யின் முன்பக்க முனையையோ நடுப்பகுதியையோ அடையாளம் காண்பதாக இருக்க வேண்டும். பின்முனைக்கு எதிரானதை வாங்கினால் டெல்டா வடிவம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த முனைதான் அதில் இல்லை. இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: முன்முனை ஆன்டிபாடியில் தெரிந்து, பின்முனை ஆன்டிபாடியில் காணாமல் போகும் பேண்ட்தான் டெல்டா-ஃபாஸ்பி.

இவை சில்லறைத் தவறுகள். பெரிய தவறு அந்த 2 மணி நேரம்.

ஊசி போட்ட 1-2 மணியில் சி-ஃபாஸ், ஃபாஸ்பி, ஃப்ரா-1, ஃப்ரா-2 என்று ஃபாஸ் புரதக் குடும்பமே எழுந்து நிற்கும். டெல்டா-ஃபாஸ்பி-யின் புதிதாக உருவான 33 கிலோடால்டன் வடிவமும் அப்போது இருக்கும். உங்கள் மங்கலில் பாதி அதுதான். இவற்றில் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதையாமல் நாளுக்கு நாள் சேர்வது 35-37 வடிவம் ஒன்றே. அதனால் கடைசி ஊசிக்கு 24 மணி நேரம் கழித்து மூளையை எடுங்கள். முழுநீள ஃபாஸ்பி போய்விட்டிருக்கும், களம் காலியாக இருக்கும்.

அடுத்தது பஃபர். இது உட்கருவுக்குள் டிஎன்ஏ-வைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதம். ட்ரைட்டானில் அரைத்துச் சுழற்றினால் கணிசமான பகுதி அடியில் பெல்லட்டோடு தங்கிவிடும். நீங்கள் ஓட்டியது மேல்தண்ணீரை. 1% எஸ்டிஎஸ் (வலுவான சோப்பு), புரோட்டியேஸ் தடுப்பான், ஃபாஸ்ஃபட்டேஸ் தடுப்பான் (சோடியம் ஃபுளோரைடு, ஆர்த்தோவனடேட்) கலந்து நேரடியாகச் சோனிகேட் செய்யுங்கள். குழகுழவென்று இழுக்கிறதா? அது டிஎன்ஏ, இன்னும் இரண்டு மூன்று முறை அடியுங்கள். புரத அளவை பிசிஏ முறையில் பாருங்கள். பிராட்ஃபோர்டு என்ற இன்னொரு முறைக்கு எஸ்டிஎஸ் ஆகாது. டிடிடி, மெர்காப்டோஎத்தனால் எதுவானாலும் அளவு பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும், பிசிஏ-வை அவை கெடுக்கும். லேனுக்கு 20-30 மைக்ரோகிராம் போதும். 10% ஜெல்லை, 25 கிலோடால்டன் மார்க்கர் அடிவிளிம்பை நெருங்கும் வரை ஓட்டினால் 35-ம் 37-ம் நன்றாக விலகும்.

லோடிங் கட்டுப்பாட்டுக்குப் பலரும் ஆக்டினுக்குத் தாவுவார்கள், 42-ல் இருப்பதால் வசதி என்று. கொக்கைன் அக்கம்பென்ஸில் ஆக்டின் இழைகள் கட்டப்படுவதையும் கலைவதையும் மாற்றுகிறது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பான்சோ சாயம் போட்டு லேனின் மொத்தப் புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், காசும் மிச்சம்.

சலைன் குழுவிலும் கொஞ்சம் டெல்டா-ஃபாஸ்பி இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கூண்டில் ஓடு சக்கரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சக்கரத்தில் ஓடுவது, சர்க்கரைத் தண்ணீர், நீடித்த மன அழுத்தம் எல்லாமே அக்கம்பென்ஸில் இதே புரதத்தைக் கூட்டும். ஊசி போடும் முன் குறைந்தது 3 நாளாவது இரண்டு குழுவையும் கையில் பிடித்து, சலைன் ஊசி போட்டுப் பழக்குங்கள்.

பதில்: இருபது_நானோமீட்டர்

ஜெல் பற்றி மேலே சொல்லியாயிற்று. 8 நாள் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் அது ஏன் 8 நாள் நிற்கிறது? ஃபாஸ்பி மரபணுவின் ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்போது நான்காம் எக்ஸானுக்குள் 140 நியூக்ளியோடைடு துண்டு ஒன்று நீக்கப்படுகிறது. 140 என்பது மூன்றால் வகுபடாத எண், ஆகவே படிக்கும் சட்டகம் நகர்ந்து, சீக்கிரமே நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. 338 அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் 237-ஓடு நின்றுபோகிறது. போன 101-ல்தான் 'என்னைச் சிதை' என்று செல்லுக்குச் சொல்லும் பகுதிகள் இருந்தன. போதாததற்கு 27-ஆவது செரினில் சிகே2 என்ற கைனேஸ் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, அதனால் இன்னும் கெட்டிப்படுகிறது. சி-ஃபாஸுக்கு மணிக்கணக்கில் ஆயுள், இதற்கு நாள்கணக்கில்.

இப்போது கணக்குப் போடுங்கள். 8 நாளில் பாதி, 16-ல் கால், 24-ல் அரைக்கால், 32-ஆம் நாள் 6 சதவீதம். இரண்டு மாதத்தில் அடையாளம் தெரியாது. அதனால் ஒரு வருட ஏக்கத்துக்கு இந்தப் புரதத்தையே காரணம் காட்டுவது சரியாகாது. இருக்கும் சில வாரங்களில் அது யாரிடம் என்ன ஒப்படைத்துவிட்டுப் போகிறது என்று கேட்க வேண்டும்.

ஒப்படைப்பதில் நன்கு தெரிந்தவை சில. சிடிகே5 என்ற கைனேஸைக் கூட்டுகிறது (2001). தண்டுமுட்கள் எனப்படும் டென்ட்ரைட் ஸ்பைன்கள் பெருகுவதில் அதற்குப் பங்குண்டு. சிடிகே5-ஐ ரோஸ்கோவிட்டினால் தடுத்தால் கொக்கைன் கொடுத்தும் ஸ்பைன் பெருகுவதில்லை. ஜி9ஏ என்ற ஹிஸ்டோன் மெத்தில் ஒட்டியைக் குறைக்கிறது (2010). அதாவது மூடியிருந்த பல மரபணுக்களின் பூட்டு தளர்கிறது. சி-ஃபாஸ் மரபணுவில் மட்டும் நேரெதிர்: ஆம்ஃபெட்டமின் நாள்கணக்கில் தொடர்ந்தால் டெல்டா-ஃபாஸ்பி-யே எச்டிஏசி1 என்ற நொதியை அங்கே கூட்டிவந்து மூடுகிறது. முதல் ஊசியில் பொங்கும் சி-ஃபாஸ் ஏழாவது ஊசியில் அடங்கிப்போவது இதனால்தான்.

இந்தக் கதையில் எல்லோரும் மறக்கும் ஆள் கிரெப், மரபணுக்களை இயக்கும் இன்னொரு புரதம். இதுவும் கொக்கைனால் தூண்டப்படுகிறது, ஆனால் வேலை எதிர்த்திசையில். கிரெப் டைனார்ஃபினைக் கூட்டும். டைனார்ஃபின் கப்பா ஏற்பி வழியாக டோபமினை அடக்கும். அக்கம்பென்ஸில் கிரெப்பை வைரஸ் மூலம் ஏற்றினால் கொக்கைனின் ஈர்ப்பு குறைகிறது (1998). டெல்டா-ஃபாஸ்பி-யை ஏற்றினால் ஈர்ப்பு கூடுகிறது (1999). விட்ட முதல் நாட்களின் சோர்வு, எதிலும் பிடிப்பில்லாத நிலை, இவற்றில் கிரெப்பின் கை இருக்கிறது. கிரெப் சீக்கிரம் தணிகிறது, டெல்டா-ஃபாஸ்பி மெல்ல வடிகிறது. ஆகையால் 1-ஆம் நாள் எடுத்த மூளையும் 20-ஆம் நாள் எடுத்த மூளையும் ஒரே மருந்தைப் பற்றி வேறுவேறு பதில் சொல்லும். ஒரு கட்டுரையைப் படிக்கும்போது 'எந்தப் புரதம்' என்பதற்கு முன் 'கடைசி ஊசிக்கு எத்தனை நாள் கழித்து' என்று பாருங்கள். முரண்பாடு என்று தோன்றுவதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பதில்: வாலாட்டி

நாளைப் பற்றிச் சொன்னதற்கு ஆம்பா ஏற்பியை விடச் சரியான உதாரணம் கிடையாது.

குளூட்டமேட்டுக்கான ஆம்பா ஏற்பி நான்கு துணை அலகுகள் சேர்ந்தது. வழக்கமாக அதில் குளூஏ2 இருக்கும், இருந்தால் கால்சியம் நுழையாது. எலியைத் தானே நெம்புகோலை அழுத்திக் கொக்கைன் எடுக்கவிட்டு (நாளுக்கு 6 மணி, 10 நாள்), பிறகு நிறுத்திவிட்டு, மருந்தை நினைவூட்டும் விளக்கை மட்டும் காட்டினால், எத்தனை முறை அழுத்துகிறது என்பது நாள் ஆக ஆகக் கூடுகிறது. நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம் கழித்து அதிகம். ஏக்கம் அடைகாக்கப்படுகிறது என்பார்கள். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் அக்கம்பென்ஸ் சினாப்சுகளில் குளூஏ2 இல்லாத, கால்சியம் விடும் ஏற்பிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நாஸ்பம் என்ற தடுப்பானை அங்கே நேரடியாகச் செலுத்தினால் அழுத்துவது குறைகிறது. இது 2008-ல் வந்தது. மெத்தாம்ஃபெட்டமினில் இதே ஏற்பிகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன.

1999 ஆய்வில் டெல்டா-ஃபாஸ்பி குளூஏ2-ஐக் கூட்டியது, 2008-ல் குளூஏ2 இல்லாத ஏற்பி கூடியது, எது சரி என்று கேட்பார்கள். இரண்டும் சரி. முன்னது மரபணு ஏற்றிய சுண்டெலி, பின்னது தானே மருந்தெடுத்து ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்த எலி. நடுமூளையின் டெக்மென்டத்தில் (விடிஏ) இன்னொரு கணக்கு: ஒரே ஒரு கொக்கைன் ஊசிக்கு மறுநாளே டோபமின் செல்களில் ஆம்பா பங்கு உயர்ந்து, 5 நாள் வரை நின்று, 10-ஆம் நாள் இல்லாமல் போகிறது (2001).

ஒரு எச்சரிக்கை. மைனஸ் 80-ல் இருக்கும் உங்கள் பஞ்சுகளை வைத்து 'செல்லின் மேற்பரப்பில் எவ்வளவு ஏற்பி' என்று பார்க்க நினைக்காதீர்கள். உறைந்து உருகிய செல்லின் சவ்வு கிழிந்திருக்கும். மேற்பரப்பு அளவுக்கு பிஎஸ்3 என்ற இணைப்பான் சவ்வைத் தாண்டாது என்பதே அடிப்படை, கிழிந்த செல்லில் அது உள்ளேயும் போய்விடும். திசுவை எடுத்தவுடனே 400 மைக்ரான் துண்டுகளாக நறுக்கி, 2 மில்லிமோலார் பிஎஸ்3-ல் 4 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 100 மில்லிமோலார் கிளைசினில் 10 நிமிடம் வைத்து நிறுத்த வேண்டும். பிஎஸ்3 தண்ணீர் பட்டதும் செயலிழக்கத் தொடங்கும், ஊற்றப்போகும் நிமிடத்தில் கரையுங்கள். மேற்பரப்பு ஏற்பிகள் ஒன்றோடொன்று கோத்து ஜெல்லின் உச்சியில் நிற்கும், உள்ளே இருப்பவை 100 கிலோடால்டன் பக்கம் இறங்கும். உச்சியில் உள்ளவை மெம்பிரேனுக்கு எளிதில் ஏறாது. 4-15% கிரேடியன்ட் ஜெல், மெதுவான வெட் டிரான்ஸ்ஃபர்.

மறந்துபோய் எடுப்பதற்கு முன் 'கடைசியாக ஒரு டோஸ்' கொடுத்துவிடாதீர்கள். கூடியிருக்கும் மேற்பரப்பு ஆம்பா ஏற்பிகளை அந்த ஒரு ஊசி மறுநாளுக்குள் இறக்கிவிடும்.

துணைக் கேள்வி: அரைவேக்காடு_ஜெல்

மிக்க நன்றி. 37 என் ஜிஏபிடிஎச் என்று படித்ததும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டு விஷயம் மட்டும். அடுத்த தொகுதியில் மெத்தாம்ஃபெட்டமின் குழுவும் சேர்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. அதே ஜெல்லில், வெளிவந்த டோபமினைச் செல்லுக்குள் திரும்ப இழுக்கும் டோபமின் டிரான்ஸ்போர்ட்டரையும் (டேட்) பார்க்கலாமா? ஆர்என்ஏ-வும் எடுக்கலாமா?

பதில்: இருபது_நானோமீட்டர்

ஆர்என்ஏ வேண்டாம், அந்த இடத்தில் கிடைக்காது. டேட் புரதம் அக்கம்பென்ஸில் இருப்பது டோபமின் நரம்பு முனைகளில். அவற்றின் செல் உடலும் ஆர்என்ஏ-வும் இருப்பது நடுமூளையில். அக்கம்பென்ஸ் பஞ்சில் பிசிஆர் போட்டு 'டேட் வெளிப்பாடு இல்லை' என்று எழுதினால் மதிப்பீட்டாளர் சிவப்பு மையைத் திறந்துவிடுவார்.

கொக்கைனையும் மெத்தாம்ஃபெட்டமினையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கொக்கைன் டேட்டின் வாயை அடைக்கிறது, உள்ளே போவதில்லை. மெத்தாம்ஃபெட்டமின் டேட் வழியாகவே உள்ளே போய், விமேட்2 என்ற கடத்தி நிரப்பிவைக்கும் பைகளிலிருந்து டோபமினைக் கொட்டவைத்து, டேட்டைப் பின்னோக்கி ஓடவைக்கிறது. பைக்கு வெளியே செல்லுக்குள் தேங்கும் டோபமின் ஆக்சிகரணமடைந்து குவினோனாகி, டோபமினை உருவாக்க உதவும் நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸையும் டேட்டையும் கெடுக்கிறது. 2 மணிக்கு ஒன்று என நான்கு ஊசி போடும் முறையில் இவை இரண்டும் நன்றாகவே விழும். அந்த வீழ்ச்சியை 'மரபணு ஒழுங்குமுறை' என்று வாசிக்கக் கூடாது, முனையே சிதைந்திருக்கலாம். கூடவே ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களின் புரதமான ஜிஎஃப்ஏபி-யையும் ஓட்டுங்கள். அது உயர்ந்திருந்தால் ஆஸ்ட்ரோசைட்டுகள் காயத்துக்கு ஓடிவந்திருக்கின்றன என்று பொருள். அறை வெப்பநிலையை எழுதிவையுங்கள். உடல் சூடு ஏறினால் சேதம் கூடும், விலங்கைக் குளிர்ச்சியாக வைத்தால் குறையும். கோடையில் ஏசி நின்றுபோன கொட்டகையில் வந்த தரவும் ஜனவரித் தரவும் ஒத்துப்போகாது.

மனிதரில் டேட் குறைவு நிரந்தரமல்ல என்பதற்கு பெட் ஸ்கேன் சான்று உண்டு. நோரா வோல்கோவ் குழு 2001-ல் வெளியிட்டதில், மெத்தாம்ஃபெட்டமினை விட்டு 12 முதல் 17 மாதம் ஆனவர்களிடம் டேட் கணிசமாக மீண்டிருந்தது. ஆனால் நினைவு, கை வேகம் போன்ற சோதனைகள் அதே அளவுக்கு மீளவில்லை. புரதம் திரும்பியதும் வேலையும் திரும்பிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பதில்: பிப்பெட்பித்தன்

டேட்டுக்கு ஒரு சேர்க்கை. மாதிரியைக் கொதிக்கவைக்காதீர்கள். 12 முறை சவ்வைக் கடக்கும் புரதம், 95 டிகிரியில் கட்டியாகிக் கிணற்றிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் அரை மணி போதும். சர்க்கரை ஒட்டிய முதிர்ந்த வடிவம் 75-80 பக்கம் அகலமாக வரும், 50-55-ல் வருவது சர்க்கரை ஏறாதது. ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கொதிக்கவைத்து ஃபாஸ்பி-க்கும், மற்றதை மிதமாகச் சூடாக்கி டேட்டுக்கும் ஓட்டுங்கள்.

இன்னொன்று. குழுவுக்கு 6 என்பது, வேறுபாடு பெரிதாக இருந்தால்தான் தாங்கும். அக்கம்பென்ஸின் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் மீடியம் ஸ்பைனி வகை. அதில் ஏறத்தாழ பாதி டி1 டோபமின் ஏற்பி உள்ளவை, பாதி டி2 ஏற்பி உள்ளவை. கொக்கைனில் டெல்டா-ஃபாஸ்பி சேர்வது முக்கியமாக டி1-ல். பஞ்ச் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே அரைக்கிறீர்கள், ஆகவே உண்மையான உயர்வு பாதியாக நீர்த்துப்போய்த்தான் ஜெல்லில் தெரியும். 8 அல்லது 10 வைத்துக்கொள்ளுங்கள். 6 எலிகளில் ஒவ்வொன்றையும் மூன்று லேனில் ஓட்டிவிட்டு எண்ணிக்கை 18 என்று போடுவதும் ஆகாது, எண்ணிக்கை என்பது விலங்கின் தலை.

துணைக் கேள்வி: படிக்கவந்தவர்

ஆய்வகக் கேள்வி அல்ல, மன்னிக்கவும். கவனக்குறைவுக்குக் குழந்தைகளுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் டேட்டைத்தானே அடைக்கிறது? அதிலும் இதெல்லாம் நடக்குமா?

பதில்: வாலாட்டி

அடைக்கும் இடம் ஒன்றுதான், வேகம் வேறு. வாயால் எடுத்த மாத்திரை மூளையில் உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புகைத்த, நரம்பில் ஏற்றிய கொக்கைனுக்குச் சில நிமிடமே போதும். 'ஏறுகிற' உணர்வு டோபமின் எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பதைப் பொறுத்தது. எலிகளில் மெத்தில்ஃபெனிடேட்டால் புரத மாற்றம் காட்டிய ஆய்வுகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் அவை வயிற்றறை ஊசி, கூடுதல் அளவு. அவற்றைக் குழந்தையின் மாத்திரையோடு நேராக ஒப்பிட முடியாது. இந்த இழையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். பொடித்து மூக்கில் இழுத்தால் மேலே சொன்ன வேக வித்தியாசம் போய்விடும் என்பதையும் வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் மனதில் வையுங்கள்.

பதில்: அரைவேக்காடு_ஜெல்

புதிய தொகுதி: சலைன் 8, கொக்கைன் 8, 3 நாள் பழக்கம், 24 மணியில் எடுப்பது, எஸ்டிஎஸ், முயல் ஆன்டிபாடி, பான்சோ. மெத்தாம்ஃபெட்டமினைத் தனி ஆய்வாக்கச் சொல்லிக் கேட்கிறேன். பழைய 12 மாதிரிகளின் பெல்லட் இன்னும் மைனஸ் 80-ல் இருக்கிறது. தூக்கிப் போடலாமா?

பதில்: பிப்பெட்பித்தன்

போடாதீர்கள். நீங்கள் தேடிய புரதம் அதில்தான் இருக்கிறது. 2 மணி நேர மாதிரி என்பதால் ஆய்வேட்டின் முடிவாக ஆகாது, ஆனால் புதிய ஆன்டிபாடியின் நீர்ப்பு விகிதத்தைப் பழக இதைவிட நல்ல சரக்கு கிடையாது. 33, 35-37, 48 மூன்றும் ஒரே லேனில் தெரியும், எது எங்கே வரும் என்று கண் பழகிவிடும். கிரெப்பின் 133-ஆவது செரின் பாஸ்பேட்டை மட்டும் இதில் தேடாதீர்கள். மூளையை எடுத்துக் குளிரவைப்பதற்குள் சில நிமிடத்திலேயே அது உதிர்ந்துவிடும். ட்ரைட்டானில் ஃபாஸ்ஃபட்டேஸ் தடுப்பானும் நீங்கள் போட்டதாகத் தெரியவில்லை.

பெல்லட்டுக்கு 1% எஸ்டிஎஸ் ஊற்றும்போது ஐஸில் வைக்க வேண்டாம். பழக்கதோஷத்தில் எல்லோரும் ஐஸில்தான் வைப்போம். எஸ்டிஎஸ் குளிரில் வெள்ளையாகப் படிந்துவிடும், பெல்லட் கரையவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிக்கொண்டே போவீர்கள். அறை வெப்பத்தில் சோனிகேட் செய்து, கரைந்ததும் சூடாக்கி, பிறகு உறைய வையுங்கள்.